தறியிலிருந்து கடைக்கு

சென்னிமலையில் பிறந்தோர்க்குத் தறியோசையே தாலாட்டு. கொடிகாத்த குமரன் 1904ஆம் ஆண்டு இவ்வூரில் நெசவாளர் குடியில் பிறந்தவர். தறியின் வருவாய் போதாமையால் திருப்பூருக்குக் கணக்கெழுதப் போனவர். இதை வகுப்பில் நாம் சொல்லும்போதெல்லாம், நெய்தவர் ஏன் நெசவை விட்டார் என்று ஒரு மாணவனேனும் கேட்பான்.

விடை காண நல்லி சின்னசாமி செட்டியாரின் வரலாறு உதவும். காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளரான அவர், சேலைகளைத் தாமே சென்னைக்குக் கொண்டுசென்று விற்றார். 1928இல், குடியிருப்புகள் பெருகத் தொடங்கியிருந்த தியாகராய நகரில் கடை வைத்தார். இடத்தைத் தேர்ந்த மதியே பெரிது என்போம். 1956இல் பேரர் குப்புசாமி செட்டியார் பொறுப்பேற்றார். 2003இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

நூலைக் கடனாகத் தருபவரே துணிக்கும் விலை வைத்தால், இரவு பகல் நெய்தாலும் நெசவாளி கடனாளியே. செட்டியார் அக்கட்டை அறுத்தார். ஆயினும் கடை வைக்க முதல் வேண்டும். கடைத்தெருவில் இடம் வேண்டும். வாங்குவோர் முகஞ்சுளிக்காத குலப்பெயரும் அன்று வேண்டியிருந்தது. இவை நம் மக்களுக்கு வாய்க்கவில்லை என்பதை விடுத்து, அன்னாரின் உழைப்பை மட்டும் புகழ்வது அரை வரலாறே.

முதலில்லார்க்குத் திறந்த வழி கூட்டுறவு. 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ், நெசவாளர் சங்கங்களின் துணிகளை விற்கிறது. சென்னிமலைப் போர்வையும் சங்கங்களின் வழியே வெளியூர் சென்றது. எனினும், வரவுசெலவைப் படிக்கத் தெரியாத உறுப்பினர் பங்குத்தொகை கட்டியும் பழைய நிலையிலேயே இருப்பார். ஆதலின் எட்டாம் வகுப்பில் வட்டிக்கணக்கை நூல் விலையையும் நெசவுக் கூலியையும் வைத்தே நாம் நடத்துகிறோம்.