மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017: பங்கு மக்கள் அறிய வேண்டியவை



2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்பி ஓட இயலவில்லை. 28 பேர் உயிரிழந்தனர். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து இதை விசாரித்தது. நோயாளரைச் சங்கிலியில் கட்டும் வழக்கம் எங்கோ ஓர் ஊரில் மட்டும் இருந்ததல்ல. எனவே இச்சட்டத்தை நாமும் அறிந்திருப்பது நல்லது.

சட்டம் தரும் உரிமைகள்

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 ஏப்ரலில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்று, 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் இயங்கும் மனநலச் சேவையைப் பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது இச்சட்டம். வறுமைக்கோட்டிற்குக் கீழ் உள்ளோருக்குச் சிகிச்சை இலவசம். மாவட்டத்தில் அரசின் குறைந்தபட்சச் சேவை கிடைக்காவிடில், அம்மாவட்டத்திலேயே வேறிடத்தில் பெறும் சிகிச்சையின் செலவை அரசு ஏற்க வேண்டும். இதற்குப் போதிய நிதி ஒதுக்குவதும் அரசின் கடமையே. மக்கள்தொகைக்கு ஏற்ற எண்ணிக்கையில் மனநலப் பணியாளர்களை உருவாக்க அரசு பத்து ஆண்டுகளுக்குள் முயல வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. அந்தக் காலக்கெடு 2028இல் முடிகிறது. உடல் நோய்க்குத் தருவதுபோல் மனநோய்க்கும் காப்பீடு தரப்பட வேண்டும்.

நோயாளரை எவ்வகையிலும் சங்கிலியால் கட்டுவதும், கட்டாயமாக மொட்டையடிப்பதும் தடை செய்யப்பட்டுள்ளன. மனநோயாளர் தங்கிப் பராமரிக்கப்படும் இல்லங்கள் பதிவு பெற வேண்டும். அறக்கட்டளைகளும் துறவற சபைகளும் நடத்தும் இல்லங்களுக்கும் இது பொருந்தும்.

தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே சட்டம் கருதுகிறது. அவருக்குப் பராமரிப்பும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் பொறுப்பு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, 2024 ஜூலை 1இல் வந்த புதிய சட்டத்தில் இடம்பெறவில்லை.

திருச்சபையின் போதனை

மனநோயாளரும் கடவுளின் சாயலைத் தாங்கியவர்களே என்று 1996இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் எடுத்துரைத்தார். 2006ஆம் ஆண்டு உலக நோயாளர் தினச் செய்தியைத் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் மனநோயாளரை முன்னிறுத்தியே வழங்கினார்.

பேயோட்டும் சடங்கிற்கு முன், அது நோயல்ல என்பதை உறுதி செய்ய வேண்டும் எனக் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (1673) வலியுறுத்துகிறது. ஆயரின் தனிப்பட்ட அனுமதி இல்லாமல் எந்தக் குருவும் அச்சடங்கை நிறைவேற்ற இயலாது. ஆகவே மருத்துவரைப் பார்ப்பது விசுவாசக் குறைவு ஆகாது. செபமும் வேண்டும், மருந்தும் வேண்டும்.

கடுமையான மனப் பாதிப்பு தற்கொலை செய்தவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவரது மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கலாகாது என்றும் அதே மறைக்கல்வி (2282-2283) கற்பிக்கிறது. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் இத்தகையோருக்கு அடக்கச் சடங்கை மறுத்தது. 1983ஆம் ஆண்டின் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. எனவே துயரத்தில் இருக்கும் அக்குடும்பத்தை ஒதுக்கி வைக்க நமக்கு உரிமை இல்லை.

நாம் செய்யக்கூடியவை

உங்கள் அன்பியத்தில் இத்தகைய குடும்பம் இருந்தால் சந்தியுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு உடன் செல்லுங்கள். மருந்தைப் பாதியில் நிறுத்தாமல் இருக்கத் துணை நில்லுங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் இரவும் பகலும் இலவசமாக ஆலோசனை பெறலாம். இந்த எண்ணை ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள்.

கெரசேனர் பகுதியில் ஊரார் விலங்கிட்டுப் பார்த்த மனிதரை இயேசு அருகே வரவிட்டார், பெயர் கேட்டார், தெளிவு தந்தார், பின் சொந்த வீட்டிற்கே அனுப்பி வைத்தார். சட்டம் மருத்துவமனையின் கதவைத் திறக்கலாம். வீட்டின் கதவையும் ஆலயத்தின் கதவையும் திறக்க வேண்டியவர்கள் நாம்தான். அதற்கான அருளை நல்ல சமாரியராம் ஆண்டவர் நமக்குத் தருவாராக.