60 டெசிபலுக்குக் கீழே: அரைகுறையாய்க் கேட்கும் பிள்ளைகளும் பள்ளித் தோழமையும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016) பேச்சொலி அதிர்வெண்களில் இரு காதுகளிலும் 70 டெசிபல் இழப்பு இருந்தால் அதைக் காது கேளாமை என்றும், 60 முதல் 70 வரை இருந்தால் கேட்டல் குறைவு என்றும் வரையறுக்கிறது. 45 டெசிபல் இழந்த பிள்ளையும், ஒரு காது மட்டும் அறவே கேளாத பிள்ளையும் இதற்கு வெளியே நிற்கிறார்கள். சலுகைகளுக்கு எங்காவது ஒரு கோடு போட்டாக வேண்டும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இழப்பு குறையக் குறையப் பள்ளியில் படும் பாடும் குறையும் என்ற எண்ணம் அந்தக் கோட்டோடு சேர்ந்து வகுப்பறைக்குள் வந்துவிடுகிறது. தோழமையைப் பொறுத்தவரை அது பிழையான எண்ணம் என்பதே என் வாதம்.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 1,200க்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்து ஃபிரெட் பெஸ் குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியமானது. மிகச் சிறிய இழப்பு உடையவர்களில் 37 சதவீதத்தினர் ஒரு வகுப்பிலாவது தேறாமல் தங்கியிருந்தனர். மன அழுத்தம், தன்மதிப்பு ஆகியவற்றிலும் அவர்களில் சில வகுப்பினர் மற்றவர்களைவிடப் பின்தங்கியிருந்தனர்.

ஏன் இப்படி? நம் பள்ளிகள் அறிந்த பரிகாரம் முதல் பெஞ்சு. திறந்த வெளியில் தொலைவு இருமடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும் என்பதால், ஆசிரியர் குரலுக்கு அது ஓரளவு உதவும். நட்போ ஆசிரியர் குரலில் வளர்வதில்லை. கடைசி பெஞ்சின் கிண்டலிலும், சத்துணவு வரிசையின் அரட்டையிலும், காதோடு சொல்லும் ரகசியத்திலும் வளர்கிறது. மின்விசிறி இரைச்சலில் அவையே முதலில் தொலைகின்றன. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாமே என்றால், பணமும் மணமும் உதட்டில் ஒன்றுபோலத்தான் தெரியும். பேசுபவர் யாரென்று கண்டுபிடித்துத் திரும்புவதற்குள் பேச்சு இன்னொருவருக்குப் போயிருக்கும். "என்ன?" என்று இரண்டு முறை கேட்கலாம். மூன்றாம் முறை "ஒண்ணுமில்ல, விடு" என்பதே பதில். பிறகு பிள்ளை கேட்பதை நிறுத்திவிட்டுத் தலையாட்டக் கற்றுக்கொள்கிறது. எல்லாரும் சிரிக்கும்போது தானும் சிரிக்கிறது.

சிக்கலின் முடிச்சு இந்தத் தலையாட்டலில்தான் இருக்கிறது. முற்றிலும் கேளாத பிள்ளை என்று தெரிந்தால் தோளைத் தொட்டு, முகம் பார்த்துப் பேச மற்றவர்கள் பழகிக்கொள்வதுண்டு. அரைகுறையாய்க் கேட்கும் பிள்ளை நேற்று பதில் சொன்னது, இன்று சொல்லவில்லை. உடனே "திமிர்", "வேணுங்கிறது மட்டும் காதுல விழும்" என்று பேர் வந்துவிடுகிறது. மறைப்பதில் எவ்வளவு தேர்ச்சியோ, அவ்வளவுக்குக் குற்றமும் அதன் குணத்தின்மேலேயே விழுகிறது. காது மெஷினைத் தலைமுடிக்குள் ஒளிக்கும் பதின்வயதுப் பெண்ணின் கணக்கும் இதுவே.

முற்றிலும் கேளாதவர்களின் பாடு இதைவிடக் கடுமையல்லவா என்று கேட்கலாம். மொழியைப் பெறுவதில் ஐயமின்றிக் கடுமை. ஆனால் அவர்கள் ஒன்றுகூடினால் தோழமைக்கு வழி பிறக்கிறது. 1970களின் பிற்பகுதியில் நிகரகுவா நாட்டின் மனாகுவாவில் காது கேளாத பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்த்தார்கள். ஆசிரியர்கள் உதட்டசைவைக் கொண்டு ஸ்பானிய மொழி கற்பிக்க முயன்றுகொண்டிருக்க, பிள்ளைகள் விளையாட்டுத் திடலிலும் பேருந்திலும் தங்களுக்கென ஒரு சைகை மொழியை உருவாக்கிக்கொண்டார்கள். இன்றைய நிகரகுவா சைகை மொழியின் தொடக்கம் அது. எல்லாரையும் பொதுப்பள்ளியில் சேர்க்கச் சொன்ன சலமான்கா அறிக்கையே (1994), காது கேளாதோருக்குச் சிறப்புப் பள்ளிகளோ தனிப் பிரிவுகளோ பொருத்தமாக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. இடைப்பட்ட பிள்ளைக்கு அந்தக் கூட்டமும் இல்லை. அருகிலுள்ள பள்ளியில் சேர்க்கும் கொள்கை, பள்ளிக்கு ஒருவராக இவர்களைச் சிதறடிக்கிறது.

ஆகவே ஒரு வட்டாரத்தில் இத்தகைய பிள்ளைகள் நான்கைந்து பேரையாவது ஒரே பள்ளியில் சேர்க்கும் வாய்ப்பைப் பெற்றோருக்குத் தர வேண்டும். பேருந்துப் பயணம் நீளும் என்பது உண்மைதான். தனிமையைவிட அது சிறிய விலை என்பேன். காது மெஷினோடு இணையும் கம்பியில்லா மைக் இருக்கும் வகுப்புகளில், குழுப்பேச்சின்போது அது கைமாற வேண்டும். ஆசிரியர் கழுத்திலேயே தொங்கினால் பாடம் மட்டுமே காதுக்கு எட்டும். விளையாட்டுத் திடலுக்கு இந்த ஏற்பாடு உதவாது. அங்கே முகம் திருப்பிப் பேசுவதும் ஒருவர் முடித்தபின் மற்றவர் தொடங்குவதும்தான் வழி. காது நன்றாகக் கேட்கும் பிள்ளைகளுக்குத்தான் அதைக் கற்பிக்க வேண்டும்.