நாள் கணக்கு வட்டியும் கண்மூடித்தனமான கட்டணமும்

ஓவர்டிராஃப்டுக்கு வயது முந்நூறை நெருங்குகிறது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் வில்லியம் ஹாக் என்றொரு வியாபாரி இருந்தார். விற்ற சரக்குக்குப் பணம் வர நாளாகும். வாங்கிய சரக்குக்குக் கையோடு கொடுத்தாக வேண்டும். எந்த ஊர் வியாபாரிக்கும் உள்ள இழுபறிதான். ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து 1727இல் தொடங்கிய புது வங்கி. 1728இல் அது ஹாக்குக்கு ஒரு சலுகை தந்தது: கணக்கில் இருப்பதற்கு மேல் 1,000 பவுண்டு வரை அவர் எடுத்துக்கொள்ளலாம். அன்றைக்கு அது பெருந்தொகை.

வங்கி இதைத் தர்மத்துக்குச் செய்யவில்லை. 1695 முதல் தொழில் நடத்திவந்த பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தோடு அதற்குப் போட்டி. அந்தக் காலத்தில் ஒவ்வொரு வங்கியும் தன் நோட்டைத் தானே அச்சிட்டது. கடன் வாங்குகிறவர் கையில் நோட்டைக் கொடுத்தால்தான் அது சந்தையில் புழங்கும். வியாபாரிக்குப் பணம், வங்கிக்குப் புழக்கம் என்று இரண்டு பக்கமும் லாபம்.

ஆடம் ஸ்மித் 1776இல் வெளியிட்ட ‘நாடுகளின் செல்வம்’ நூலில் இந்த ஏற்பாட்டை விளக்குகிறார். நிலபுலனும் நாணயமும் உள்ள இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும். எடுத்ததைச் சிறுகச் சிறுகத் திருப்பிக் கட்டலாம். கட்டிய தொகைக்குக் கட்டிய நாளிலிருந்தே வட்டி குறையும். திடீர்ச் செலவுக்கென்று லண்டன் வியாபாரி ஒரு தொகையைப் பெட்டியில் சும்மா பூட்டி வைத்திருக்க, எடின்பரோ வியாபாரி அதையும் சரக்கில் போட்டுச் சம்பாதித்தான் என்று ஒப்பிட்டும் காட்டுகிறார். வரவு செலவு பார்க்காமல் வாரி வழங்கினால் என்ன ஆகும் என்பதையும் ஸ்காட்லாந்தே காட்டியது. 1769இல் தொடங்கிய ஏர் வங்கி 1772இல் கதவை மூடியது.

நம் நாட்டிலும் வங்கிகள் ‘கேஷ் கிரெடிட்’ என்ற பெயரில் இந்த ஏற்பாட்டை நடத்தின. கல்கத்தாவில் 1806, பம்பாயில் 1840, சென்னையில் 1843 என்று மாகாண வங்கிகள் வந்தன. தனிநபர் நாணயத்தை நம்பிக் கொடுக்கும் கடன் பத்திரத்தில் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்று 1876ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றுக்கு விதித்தது. எடின்பரோவின் இரண்டு ஜாமீன்தாரர்கள் இங்கே இரண்டு கையெழுத்தானார்கள். மூன்று வங்கிகளும் 1921இல் இம்பீரியல் வங்கியாக இணைந்தன. அதுதான் 1955இல் ஸ்டேட் வங்கி ஆனது.

நான் ஈரோட்டில் ஒரு வங்கிக் கிளையில் லெட்ஜர் எழுதியவன். மஞ்சள் மண்டிக்காரர்களும் ஜவுளிக்காரர்களும்தான் எங்கள் சி.சி., அதாவது கேஷ் கிரெடிட், கணக்குதாரர்கள். மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் வரும். குடோனில் இருக்கும் சரக்கின் மதிப்பில் வியாபாரியின் சொந்தப் பங்கான மார்ஜினைக் கழித்தால் டிராயிங் பவர். அதுவரைதான் செக் எழுதலாம்.

லெட்ஜரில் ‘புராடக்ட்’ என்றொரு பத்தி உண்டு. பாக்கித் தொகையை அது நின்ற நாட்களால் பெருக்கி அதில் எழுத வேண்டும். ஒரு லட்சம் லிமிட் உள்ளவர் 40,000 ரூபாயைப் பத்து நாளும், 15,000 ரூபாயை இருபது நாளும் பாக்கி வைத்தார் என்று கொள்ளுங்கள். முதலாவது நான்கு லட்சம், அடுத்தது மூன்று லட்சம், ஆக ஏழு லட்சம். அதை வட்டி விகிதமான 12ஆல் பெருக்கி 36,500ஆல் வகுத்தால் 230 ரூபாய். அதே ஆள் ஒரு லட்சத்தையும் முழுக் கடனாக வாங்கி முப்பது நாள் வைத்திருந்தால் 986 ரூபாய். காலையில் விற்ற பணத்தை மாலைக்குள் கணக்கில் கட்ட மண்டிக்காரர்கள் ஓடிவருவார்களே, அதற்குக் காரணம் இந்தப் பத்திதான்.

லிமிட்டுக்கு மேல் செக் வந்தால் உடனே திருப்பி அனுப்பிவிட மாட்டோம். மேலாளர் ஆளைக் கூப்பிட்டு விசாரிப்பார். “செட்டியாரே, இன்னைக்கு மூவாயிரம் குறையுதே, நாளைக்குக் கட்டிருவீங்களா?” சரி என்றால் ‘டி.ஓ.டி.’ என்று குறித்துக் கையெழுத்துப் போடுவார். தற்காலிக ஓவர்டிராஃப்ட். மேலிடத்துக்கு அறிக்கை போகும், வட்டி சற்றுக் கூடும். ஆளைத் தெரிந்து கொடுத்த கடன் அது.

பிறகு காட்சி மாறியது. காசோலை திரும்புவதைக் குற்றமாக்கும் சட்டப்பிரிவு 1989 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. கணினி வந்தது. தவணை கணக்கிலிருந்து தானாகப் பிடித்தம் ஆகும் முறையும் வந்தது. குறைகிற தொகையைப் பார்த்து, ஆளைக் கூப்பிட்டுக் கேட்க இப்போது யாரும் இல்லை. வட்டி இருந்த இடத்தில் கட்டணம் வந்து உட்கார்ந்தது. என் உறவுக்காரப் பையனின் கணக்கில் வண்டித் தவணைக்கு 40 ரூபாய் குறைந்தது. தவணை திரும்பியதற்கு வங்கி பிடித்தது 500 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. சேர்த்து 590. அந்த 40 ரூபாயை 18 சதவீத வட்டிக்கு ஒரு மாதம் கொடுத்திருந்தாலும் அறுபது பைசாதான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான்.

வட்டி என்பது தொகையையும் நாளையும் பொறுத்தது; பயன்படுத்தியதற்கு விலை. கட்டணம் நாற்பது ரூபாய் குறைந்தவனுக்கும் நாலாயிரம் குறைந்தவனுக்கும் ஒன்று. 1728இன் ஏற்பாட்டில் இருந்த நியாயம் இங்கே தவறிப்போனது. ரிசர்வ் வங்கியும் இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. 2015 ஏப்ரல் முதல் உள்ள விதி: குறைந்தபட்ச இருப்பு இல்லையென்றால் முதலில் தகவல் சொல்ல வேண்டும், சரிசெய்ய ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும், கட்டணம் குறைந்த தொகைக்கு ஏற்றபடி இருக்க வேண்டும், அந்தக் கட்டணத்தால் மட்டும் கணக்கு மைனஸில் போகக் கூடாது. கடன் தவணை தவறினால் போடும் அபராதத்தின் மேல் வட்டி ஏற்றக் கூடாது என்று 2023இல் இன்னொரு உத்தரவும் வந்தது. ஜன்தன் கணக்கில் ஓவர்டிராஃப்ட் வரம்பு 2018இல் 5,000 ரூபாயிலிருந்து 10,000 ஆனது. ஹாக் பெற்ற சலுகை கூலிக்காரருக்கும் எட்டியது இதில்தான்.

ஆகவே பாஸ்புக்கைப் புரட்டுங்கள். பிடித்தம் கண்ணில் பட்டால் ‘இது வட்டியா, கட்டணமா, எந்த விதிப்படி?’ என்று கிளையில் எழுத்து மூலம் கேட்டு, ஒப்புகை வாங்குங்கள். முதல் தடவை என்றால் திருப்பித் தரச் சொல்லிக் கேட்கலாம். பல மேலாளர்கள் தருவார்கள். முப்பது நாளில் பதில் இல்லையென்றாலும், பதில் திருப்தியில்லை என்றாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.