இப்னு பதூதாவின் மூன்று மேலங்கியும் எமது ஊர்ப் பிள்ளையின் பயணப் பெட்டியும்



எம்மிடம் படித்த பிள்ளை ஒருவருக்கு உல்லாசப் பயணிகள் கப்பலில் வேலை கிடைத்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஜனவரியில் நோர்வேக் கரையோரம் ஓடும் கப்பல். "சேர், என்ன உடுப்புக் கொண்டு போறது?" என்று வந்து கேட்டார். நுவரெலியாக் குளிருக்கே இரண்டு ஜம்பர் போடும் நாம் என்ன சொல்வது? வரலாறு படிப்பிக்கிற ஆட்களிடம் கேட்டால் வரலாறுதான் வரும். இப்னு பதூதாவை எடுத்து வாசித்தோம்.

1304இல் மொரோக்கோவின் தஞ்சீரில் பிறந்தவர் அவர். எம்மைப் போல வெயிலுக்குப் பழகிய உடம்பு. 1330களில் துருக்கியின் சினோப் துறைமுகத்தில் நாற்பது நாளளவில் காத்திருந்து கருங்கடலைக் கடந்தார். நடுக்கடலில் புயல், பிழைத்ததே பெரிய காரியம். கிரிமியாப் பக்கம் கரையேறி, பிறகு உஸ்பெக் கானின் மனைவியான கிரேக்க அரசகுமாரியின் பரிவாரத்தோடு கொன்ஸ்தாந்திநோபிள் வரை போனார். அங்கிருந்து திரும்பும்போது நடுக் குளிர்காலம்.

அப்போது உடுத்ததை அவரே விபரமாகச் சொல்கிறார். மிருக ரோமம் வைத்த மேலங்கி மூன்று. காற்சட்டை இரண்டு, ஒன்று பஞ்சு வைத்துத் தைத்தது. காலில் முதலில் கம்பளிச் சப்பாத்து, அதற்கு மேல் துணி வைத்துத் தைத்த இன்னொன்று, அதற்கும் மேல் உள்ளே கரடித்தோல் வைத்த குதிரைத்தோல் சப்பாத்து. இவ்வளவும் போட்ட மனிதருக்குக் குதிரையில் ஏற முடியவில்லை, கூட வந்தவர்கள் தூக்கி வைத்தார்களாம்! நெருப்பருகே சுடுநீரில் வுழூச் செய்தாலும் விழுந்த துளி அந்த இடத்திலேயே உறைந்தது. தாடியில் வழிந்த நீர் பனிக்கட்டியாகி, உதறினால் பனி போல் கொட்டியது. வொல்கா நதியில் தோணி தேவைப்படவில்லை, உறைந்த நதி மேலேயே மூன்று நாள் பயணம். குடிக்கவும் சமைக்கவும் அந்தப் பனிக்கட்டியை வெட்டி உருக்கினார்கள்.

பிள்ளைக்கு நாம் சொன்னதும் ஏறக்குறைய இதைத்தான். தடித்த ஒன்றை விட மெல்லிய மூன்று நல்லது. உடுப்புகளுக்கு இடையில் நிற்கும் காற்றுத்தான் சூட்டைப் பிடித்து வைக்கிறது. உள்ளே பருத்தி பெனியன் வேண்டாம், வியர்த்தால் ஈரம் காயாது, குளிர் ஏறும். நடுவில் கம்பளி, ஈரமானாலும் ஓரளவு சூடு தரும். வெளியே காற்றும் நீரும் புகாத ஜாக்கட், ஏனென்றால் கப்பல் மேல்தட்டில் குளிரை விடக் காற்றுத்தான் கொடுமை. டெனிம் வேண்டாம். சப்பாத்து ஒரு சைஸ் பெரிதாக இருக்கட்டும், இரண்டு கம்பளிக் காலுறை போட.

இப்னு பதூதா அந்த உடுப்பை ஊரிலிருந்து கொண்டு போகவில்லை. பிரியும்போது அந்த அரசகுமாரி பணத்தோடு கம்பளித் துணியும் ஆடைகளும் கொடுத்தனுப்பினார். 1344இல் அவர் இலங்கை வந்து பாவா ஆதம் மலை ஏறினார். எமது கடலாதெனிய விகாரைக் கல்வெட்டின் ஆண்டும் அதுதான் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். இங்கிருந்து போன பின் இந்தியாவின் மேற்குக் கரையோரம் பன்னிரண்டு கப்பலில் வந்த கொள்ளையர், இலங்கை மன்னர் கொடுத்த முத்தும் மாணிக்கமும் உட்பட எல்லாவற்றையும் பறித்தார்கள். மிஞ்சியது உடுத்திருந்த காற்சட்டை மட்டும். கள்ளிக்கோட்டைப் பள்ளிவாசலில் போய் ஒதுங்கியவருக்கு மார்க்க அறிஞர் ஒருவர் ஆடை அனுப்பினார், காழி தலைப்பாகை அனுப்பினார், வியாபாரி ஒருவர் இன்னோர் ஆடை.

எல்லாருக்கும் அப்படிக் கிடைக்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் வேலைக்குப் போன லஸ்கர்களில் நிறையப் பேர் முஸ்லிம்கள். லண்டனில் இறங்கி, திரும்பக் கப்பல் கிடைக்காமல், மெல்லிய உடுப்போடு தெருக்களில் குளிரில் கிடந்தார்கள். 1786 ஜனவரியில் லண்டன் கனவான்கள் நிதிக் குழு அமைத்தது முதலில் இவர்களைக் கண்டுதான். வேலை வாங்கியவர்கள் உடுப்புக் கொடுத்திருந்தால் அந்தக் குழுவே தேவைப்பட்டிருக்காது.

எமது பிள்ளைக்கும் கம்பனி யூனிஃபோம் மட்டும் தருகிறது. மற்றதெல்லாம் சொந்தச் செலவு. வாப்பா கடன் கேட்டு அலைவதாக அறிந்தோம். ஐரோப்பா, கொரியா, ஜப்பான் போய் வந்தவர்கள் பிலிமத்தலாவையில் எத்தனை பேர்! உங்கள் அலுமாரியில் சும்மா கிடக்கும் கம்பளி ஜம்பர், கையுறை, குளிர் ஜாக்கட் இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள், நாமே வந்து எடுக்கிறோம். பிள்ளையின் சப்பாத்து அளவு ஒன்பது, பத்துத் தேடுகிறோம்.