பெயர் பொறித்த கல்

மாண்டாரை நினைந்து போற்றுதல் தமிழரின் தொன்மையான வழக்கு. நடுகல் எடுக்கும் முறையைக் காட்சி முதல் வாழ்த்து ஈறாக ஆறு துறைகளாக வகுக்கும் தொல்காப்பியம். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பெற்ற நடுகல்லொன்று, கூடலூர் ஆகோட்பூசலோடு அந்தவன் என்பான் பெயரைத் தமிழ்ப் பிராமி எழுத்தில் தாங்கியுள்ளது. கல்லுக்கு உயிர் பெயரே அன்றோ?

அச்சிறப்பு வாய்க்காதவர் சயாம் மரண ரயில் பாதையில் மாண்ட நம் மக்கள். பேராக் உள்ளிட்ட மலாயா மாநிலங்களின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் இவர்களைக் கொண்டு சென்றனர். 1942–43இல் போடப்பட்ட 415 கிலோமீட்டர்ப் பாதையில் வாந்திபேதியும் மலேரியாவும் பட்டினியும் பல்லாயிரவரை மாய்த்தன. மாண்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் பலருக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உள. தமிழருக்கோ பெயரற்ற பெருங்குழிகளே கிடைத்தன.

இறந்த நாள் அறியாதார்க்கு அமாவாசையில் நீர்க்கடன் செய்யலாம் என்பது மரபு. பெயரும் மறைந்தால் யாரை அழைத்து நீர் வார்ப்பது? 2023இல் காஞ்சனபுரியில் இவர்களுக்கு நடுகல் எழுந்தது. எனினும் அஃது அனைவர்க்கும் பொதுவான கல்.

பேராக்கின் பழைய தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. சில செம்பனைக்கு மாறின. மக்கள் ஈப்போ, சுங்கை சிப்புட் முதலிய ஊர்களுக்குக் குடிபெயர்ந்தனர். பெயரறிந்த முதியோரும் அருகி வருகின்றனர். ஆதலின் நினைவு நாள் நடத்த விழைவோர், மாலைக்கும் பந்தலுக்கும் முன்னதாக, மாண்டார் பெயர், தோட்டம், பிறந்த ஊர், சென்ற ஆண்டு ஆகியவற்றைக் கேட்டெழுதி, அவையில் ஒவ்வொன்றாகப் படித்தல் வேண்டும். தமிழாசிரியர்கள் மாணவரைக்கொண்டு இப்பணியை இவ்வாண்டே தொடங்கலாம்.