புராணா கிலாவின் கூடாரங்கள்

மனக்காயத்திற்குச் சிகிச்சை என்றொரு தொழில் டில்லியில் பேர்பெறுவதற்கு வெகுகாலம் முன்பே, 1947 அக்டோபரில் முஸௌரி நகராட்சி நிர்வாகியாயிருந்த தம் கணவர் ஷஃபி அகமது கித்வாய் பிரிவினைக் கலகத்தில் கொலையுண்ட துக்கத்தைச் சுமந்துகொண்டு காந்தியடிகளிடம் வந்த அனீஸ் கித்வாய் அம்மையாருக்கு, அகதி முகாம்களில் சேவை செய்யுமாறு அவர் கூறிய யோசனையே ஔஷதமாக வாய்த்தது. புராணா கிலாவின் பழைய மதில்களுக்குள்ளும் ஹுமாயூன் சமாதியைச் சுற்றியும், கந்தலும் கூடாரமுமாகப் பாகிஸ்தான் ரயிலுக்குக் காத்துக்கிடந்த முஸ்லிம்களிடையே, சுபத்ரா ஜோஷி முதலிய தோழியரோடு அவர் நோயாளிகளைக் கவனித்தார். அபகரிக்கப்பட்ட பெண்களைத் தேடினார். யாவற்றினும் கடினமான காரியமாக, அவர்கள் சொன்னதைப் பொறுமையாய்ச் செவிமடுத்தார். மீட்கப்பட்டவர்களிற் சிலர் பிறந்தகம் திரும்பத் தயங்கியதையும் அவர் மறைக்கவில்லை; சர்க்காரின் அறிக்கைகளில் அத்தகைய நேர்மையை எதிர்பார்ப்பது வீண். அந்நாட்களைப் பற்றி அவர் உருதுவில் எழுதிய ‘ஆஸாதி கீ சாவோன் மே’ 1974இல்தான் அச்சேறியது.