மடக்குக் கத்தியும் ஒரு பூட்டும்

மடக்குக் கத்தின்னு சொன்னா நம்ம ஊர்ல ரெண்டு படம்தான் மனசுல ஓடும். ஒண்ணு, பென்சில் சீவுற பேனாக்கத்தி. இன்னொண்ணு, பழைய சினிமாவுல அடியாள் சடக்குன்னு விரிக்கிற கத்தி. இந்த ரெண்டுக்கும் நடுவுல பெரிய மடக்குக் கத்தின்னு ஒரு வகை இருக்கு. உள்ளங்கை அகலத்தைவிட நீளமான அலகு. ரொட்டி வெட்ட, கிளை சீவ, மான் தோல் உரிக்கன்னு நிஜமான வேலைக்குப் பொறந்தது. இந்தப் பதிவு அதைப் பத்தித்தான்.

இந்தக் கத்தியோட மொத்தப் பிரச்னையும் ஒரே ஒரு ஆணியில இருக்கு. அலகு அந்த ஆணியைச் சுத்தித்தான் திரும்பணும். வெட்டும்போது அசையக் கூடாது, மடக்கும்போது அசையணும். வெட்டுற நேரத்துல அது தன்னால மடங்கினா, நடுவுல இருக்கிறது உங்க விரல். சின்னக் கத்தின்னா பிளாஸ்திரியோட போயிடும். அலகு நீளமாக ஆக, தையல் போடணும். அதனால பெரிய மடக்குக் கத்தியோட சரித்திரம்ங்கிறது பாதிக்கு மேல பூட்டோட சரித்திரம்தான்.

முதல்ல ஸ்பெயின். அங்க இதுக்குப் பேரு 'நவாஹா'. சவரக்கத்தியைக் குறிக்கிற லத்தீன் சொல்லுல இருந்து வந்தது. 1700கள்ல ஸ்பெயின் அரசர்கள் கூர்முனைக் கத்தி வெச்சுக்கக் கூடாதுன்னு திரும்பத் திரும்ப ஆணை போட்டாங்க. திரும்பத் திரும்பப் போட்டாங்கன்னாலே யாரும் கேக்கலைன்னுதானே அர்த்தம்! வாள் வெச்சுக்க உரிமை இல்லாத கழுதைக்காரனும் மாலுமியும் இடுப்புத் துணியில செருகிக்கிட்டது இந்த நவாஹாவைத்தான். அதுல பல் வெச்ச ஒரு பூட்டு உண்டு. விரிக்கும்போது ஒவ்வொரு பல்லா ஸ்பிரிங்கைத் தட்டி 'கர்ர்ர்ர்'னு சத்தம் வரும். விரல் காயமாகாம இருக்க வெச்ச பூட்டுதான். ஆனா எதிர்ல நிக்கிறவன் காதுல அந்தச் சத்தம் வேற மாதிரி விழுந்தது. 1849ல மாட்ரிட்ல நவாஹா சண்டை போடுறது எப்படின்னு ஒரு கையேடே அச்சாச்சு. 'முப்பது நாளில் கத்திச் சண்டை' ரேஞ்சுக்கு :-)

நவாஹாவுக்குப் பேர்போன ஊர் அல்பசெட்டே. ரயில் வந்த பிறகு, இடுப்புப் பட்டையில வரிசையா கத்தி செருகிக்கிட்டு ஸ்டேஷன்ல பயணிகளுக்கு வித்திருக்காங்க, நம்ம மணப்பாறையில முறுக்கு விக்கிற மாதிரி. அந்த வியாபாரிக்கு ஊர் நடுவுல சிலையே இருக்கு. 2004ல கத்திக்குன்னே மியூசியமும் திறந்தாங்க.

இப்ப பிரான்ஸ் பக்கம், ஆல்ப்ஸ் மலையில இருக்கிற சவாய் பகுதிக்குப் போவோம். எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை இதுதான், கொஞ்சம் நீளும், பொறுத்துக்குங்க. அல்பியேன்னு ஒரு மலைக் கிராமம். அங்க கோடாலி, அரிவாள் அடிக்கிற ஒரு கொல்லர் குடும்பம். அந்த வீட்டுப் பையன் ஜோசப் ஒபினெல், பொறந்தது 1872. மெஷின்னா பைத்தியம், சொந்தமா கேமராவே செஞ்ச ஆள். 1890ல, பதினெட்டு வயசுல, ஒரு மடக்குக் கத்தி செய்யறார். மொத்தம் நாலே பாகம்: அலகு, பீச் மரப் பிடி, ஒரு உலோக வளையம், ஒரு ஆணி. ஸ்பிரிங் கூட கிடையாது. மரம் அலகை இறுக்கிப் பிடிக்கிற பிடிதான் எல்லாம். மரப்பிடி செய்யறதுக்கு மெஷினையும் அவரே உருவாக்கினார். விவசாயியும் ரயில்வே தொழிலாளியும் வாங்கற விலையில குடுக்க முடிஞ்சது அதனாலதான்.

சில வருஷத்துல 1லேர்ந்து 12 வரைக்கும் நம்பர் போட்டு பன்னிரண்டு அளவு வந்தது. ஒண்ணாம் நம்பர் ரொம்பப் பொடிசு. பதினொண்ணு, பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டது. ரெண்டையும் 1930கள்ல நிறுத்திட்டாங்க. 1909ல அலகுல முத்திரை வந்தது: ஆசீர்வதிக்கிற ஒரு கை, மேல ஒரு கிரீடம். பக்கத்து ஊரான சேன் ஷான் த மோரியென் சின்னத்துல இருக்கிற கை அது. கிரீடம், சவாய் ஒரு காலத்துல தனி ஆட்சியா இருந்ததுக்கு.

வரலாற்றை விட்டு ஒரு நிமிஷம் வெளிய வர்றேன். எங்கிட்ட பத்தாம் நம்பர் ஒண்ணு இருக்கு, 10 செ.மீ. அலகு, கார்பன் ஸ்டீல். வாங்கின மொத வாரம் எலுமிச்சம்பழம் அறுத்ததும் அலகு மேல சாம்பல் கலர்ல மேகம் மாதிரி படிஞ்சது. அது துரு இல்ல, துருவைத் தடுக்கிற படலம். கழுவித் துடைக்காம ஒரு ராத்திரி விட்டாதான் நிஜத் துரு. பரோட்டாக் கடை வெங்காயம் மாதிரி மெல்லிசா வெட்டும், அவ்வளவு மெல்லிய அலகு. ஆனா மழைக்காலம் வந்தா அய்யா திறக்கவே மாட்டார். பிடி மரம் ஈரத்தை உறிஞ்சி ஊதிடும், அலகு இடுக்குல சிக்கிக்கும். நகம் பிஞ்சாலும் வராது. இதுக்கு அந்த ஊர்க்காரங்க ஒரு வைத்தியம் வெச்சிருக்காங்க, பேரே 'சவாய்க்காரன் தட்டு'. வளையம் இருக்கிற முனையைக் கெட்டியான எதுலயாவது ஓங்கித் தட்டினா அலகு கொஞ்சம் வெளிய எட்டிப் பார்க்கும், பிடிச்சு இழுத்துக்கலாம். ஆளி விதை எண்ணெய் ஊற வைக்கிறவங்களும் உண்டு. நான் தட்டுற கட்சி.

கவனிச்சீங்களா, 1890ல இருந்து 65 வருஷம் இந்தக் கத்திக்குப் பூட்டே கிடையாது. ஈரத்துல ஊதுற அதே மரம் வெயில்ல சுருங்கும், அலகு தளரும். அப்ப உங்க விரலுக்கு உத்தரவாதம் உங்க கவனம் மட்டும்தான். 1955ல மார்செல் ஒபினெல் அதைச் சரி பண்ணார். இருக்கிற வளையத்து மேல பிளவு வெச்ச இன்னொரு வளையம். விரிச்சதும் திருப்பினா அலகு மடங்காது. நாலு பாகம் அஞ்சாச்சு, அவ்வளவுதான். என்னை மாதிரி பொட்டி தட்டுறவனுக்குப் பொறாமையா இருக்கிற விஷயம் இது: ஓடிக்கிட்டு இருக்கிற புரோகிராம்ல கையே வைக்காம மேல ஒரே ஒரு வரி சேர்த்து பெரிய பக் ஒண்ணை அடைக்கிற மாதிரி. 2000த்துல மடக்கின நிலையிலயும் பூட்டுற மாதிரி திருத்தினாங்க. 22 செ.மீ. அலகோட பதிமூணாம் நம்பர் 'ராட்சசன்' கூட இதே வளையத்தை நம்பித்தான் நிக்குது.

அமெரிக்காவுல வேற வழி. சான் டியேகோவுல பக் குடும்பம் 1964 வாக்குல 110ன்னு ஒரு மாடலைக் கொண்டு வந்தாங்க. மூணே முக்கால் அங்குல அலகு, பித்தளை முனைகள், முதுகுப் பக்கம் பூட்டு. முதுகுப் பூட்டு அதுக்கு முன்னாடியும் இருந்ததுதான். ஆனா வேட்டைக்காரங்க மடங்காத கத்தியைக் கீழ வெச்சிட்டு இதை நம்பி எடுத்தாங்க பாருங்க, அதுதான் மாற்றம். எடை சுமார் 200 கிராம். வெச்சிருக்கிறவங்க பாராட்டு, புலம்பல் ரெண்டுமே அந்த எடைதான். பாக்கெட்ல போட்டா பேன்ட் இறங்கிடும், அதனால தோல் உறையில பெல்ட்ல மாட்டணும். பாக்கெட்டுக்கு ஆகாத பாக்கெட் கத்தி! இருந்தாலும் லட்சக்கணக்குல வித்து, 'பக் நைஃப்'ங்கிறது அந்த வகைக்கே பேராச்சு.

இப்ப கதை தலைகீழா மாறுற இடம். பிரிட்டன்ல 1988ல வந்த குற்றவியல் நீதிச் சட்டத்தோட 139ஆம் பிரிவு, தகுந்த காரணம் இல்லாம பொது இடத்துல கத்தி வெச்சிருக்கிறதைக் குற்றமாக்கிச்சு. 3 அங்குலத்துக்கு மிகாத மடக்குக் கத்திக்கு மட்டும் விலக்கு. 1990களோட தொடக்கத்துல கோர்ட்டுல ஒரு கேள்வி: பூட்டுற கத்தி மடக்குக் கத்தியா? இல்லைன்னு தீர்ப்பு. மடக்குக் கத்தின்னா எப்பவும் சும்மா மடக்கினா மடங்கணும், பூட்டை விடுவிச்சு மடக்கணும்னா அது நிலையான கத்தி மாதிரித்தான்னு விளக்கம். தெருவுல கத்திக்குத்து நடக்கிற ஊர்ல அந்தப் பயம் எனக்குப் புரியாம இல்ல. ஆனா கிளை சீவுற தோட்டக்காரர் காரணம் சொல்ல வேண்டி வர்றது, அவர் விரலைக் காப்பாத்துற பாகத்தால!

ஸ்பெயின் பூட்டைப் பார்க்கல, ஸ்கேலை எடுத்தது: 11 செ.மீ.க்கு மேல அலகு இருந்தா வெளிய எடுத்துட்டுப் போகக் கூடாது. நவாஹா பொறந்த ஊர்லயே பெரிய நவாஹா வீட்டு அலமாரியில அலங்காரப் பொருள். நம்ம இந்திய ஆயுத விதிகள்ல கணக்கு 9 அங்குலம், வீட்டு வேலை, விவசாயக் கத்திகளுக்கு விலக்கு உண்டு. 9 அங்குலம்னா 22.86 செ.மீ. ராட்சசன் ஒரு செ.மீ. கூட இடைவெளி இல்லாமத் தப்பிக்கிறார். (சில மாநிலங்கள்ல இதைவிடக் கடுமையான உத்தரவுகள் உண்டு, விசாரிச்சுக்குங்க.)

பிரிட்டன் சட்டத்துக்குக் கம்பெனிக்காரங்க பதில் கண்டுபிடிச்சாங்க. அமெரிக்காவோட ஸ்பைடர்கோ, பேர்லயே அந்த நாட்டு எழுத்தைப் போட்டு 'யூகே பென்நைஃப்'னு ஒரு மாடல் கொண்டு வந்தது. 3 அங்குலத்துக்குள்ள அலகு, பூட்டு கிடையாது, வெறும் ஸ்பிரிங். அலகோட அடியில ஆள்காட்டி விரல் உக்கார ஒரு பள்ளம் வெட்டியிருப்பாங்க. விரல் அங்க இருக்கிற வரைக்கும் கத்தி மடங்காது.